அம்புக்குறிக்குள் நிற்கிறவர்கள்

செயல்முறைப் படம் வரைகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை என்றால் ஒரு பெட்டி. அது முடிந்து அடுத்த வேலைக்குப் போகிறது என்றால் ஒரு அம்புக்குறி. முடிவு எடுக்கிற இடத்தில் சாய்சதுரம், ஆரம்பத்திலும் கடைசியிலும் வட்டம். பிசினஸ் பிராசஸ் மாடலிங் என்று பெரிய பெயர் இருந்தாலும் அடிப்படை இவ்வளவுதான். ‘விண்ணப்பம் பெறுதல்’ என்று ஒரு பெட்டி, ‘ஆவணம் சரிபார்த்தல்’ என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கோடு. மீட்டிங்கில் இதைத் திரையில் போட்டால் எல்லோரும் பெட்டிகளைப் பற்றியே பேசுவார்கள். இதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாமா, அந்த இரண்டையும் ஒன்றாக்கலாமா, இதற்கு ஆள் போதுமா. நடுவில் இருக்கும் கோட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

டேட்டாவை எடுத்துப் பார்த்தால் சங்கதி முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கடன் விண்ணப்பமோ இன்சூரன்ஸ் கிளெய்மோ, பத்து நாள் ஆகிற ஒரு காரியத்தில் மனிதர்கள் உண்மையில் கை வைத்த நேரத்தைக் கூட்டினால் பல சமயம் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் அம்புக்குறி. ஒருவர் மேஜையில் கிடந்தது, இன்னொருவர் இன்பாக்ஸில் கிடந்தது, மேனேஜர் லீவில் போனதால் கிடந்தது.

இந்தக் காத்திருப்பைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு வேண்டிய மூலப்பொருள் ரொம்பச் சாதாரணமானது. ஒரு ஷீட், அதில் மூன்று பத்தி: விண்ணப்ப எண், நடந்த வேலையின் பெயர், நடந்த நேரம். அதைக் கொடுத்தால் வேலை எந்த வழியில் ஓடியது என்று மென்பொருளே படம் வரைந்து தந்துவிடும். நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்ற பேராசிரியர் முன்னின்று வளர்த்த துறை இது, பிராசஸ் மைனிங் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்ட படத்தில் காத்திருப்புக்குத் தனி இடம் உண்டு. கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் 1962-இல் வெளிவந்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த பெட்ரி நெட் அது. அதில் நிகழ்வுக்கு ஒரு கட்டம், நிகழ்வுக்காக இருக்கிற நிலைக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் சின்னப் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி அங்கே உட்கார்ந்திருக்கும், கூட வரவேண்டியது வந்து சேர்கிற வரைக்கும். நிறுவனங்களுக்காக வரையப்பட்ட பிற்காலப் படங்களில் அந்த வட்டம் காணாமல் போய், காத்திருப்பு கோட்டுக்குள் கரைந்துவிட்டது. மேலதிகாரிக்குக் காட்டும் படம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மதுரையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதில் ஒரு லாபம் உண்டு. அம்புக்குறியே இல்லாத ஒரு தொழில் பக்கத்திலேயே நடக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைச் சொல்கிறேன். மல்லிகை மொட்டைப் பொழுது விடியும் முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். சாயங்காலம் அது விரிந்துவிடும். அதற்குள் தோட்டத்திலிருந்து மூட்டை கட்டி, வண்டி ஏற்றி, கமிஷன் கடையில் எடை போட்டு, சில்லறை வியாபாரி வாங்கி, கட்டுகிறவர் கைக்குப் போய், சரமாகி, தெருவுக்கு வந்தாக வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவாக இருந்தாலும் விரிந்த பிறகு சரம் கட்ட ஆகாது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், வரத்து அதிகமான நாளில் விலை சரிந்து சென்ட் கம்பெனிக்குப் போகும். ஒரே நாளுக்குள்ளேயே காலை விலையும் மதிய விலையும் வேறு வேறு.

அங்கே ஒரு கமிஷன் கடைக்காரரிடம், “ஏண்ணே, விலையை எழுதிக்கூடப் போடாம இவ்வளவு வேகமா எப்படி முடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“தம்பி, இது பூவு. வாங்குறவன் யோசிக்கிற நேரத்துக்கும் நான்ல காசு குடுக்குறேன்” என்றார்.

எனக்கு வேண்டிய பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மார்க்கெட்டில் ஒழுங்கு அதிகம் என்றோ அங்கே இருப்பவர்கள் சுறுசுறுப்பானவர்கள் என்றோ சொல்ல வரவில்லை. காத்திருந்தால் நஷ்டம் யாருக்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அந்த நஷ்டம் முடிவெடுக்கிறவரின் பையிலிருந்தே போகிறது. கோப்பு அப்படி இல்லை. மேஜையில் நான்கு நாள் கிடந்தாலும் கோப்பு வாடாது. வாடுகிறவர் வேறெங்கோ இருக்கிறார், போன் அடித்துக்கொண்டு. ஆகவே எந்தச் செயல்முறையைப் பார்த்தாலும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு நேரம் ஆகிறது என்பதல்ல, அந்த நேரம் யாருடையது என்பதுதான். எந்த ஏற்பாடும் யாரோ ஒருவரின் நேரத்தை மலிவு என்று தீர்மானித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. தீர்மானித்தவர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்படத் தேவையில்லை. முதலாவது லிட்டில் விதி. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, எந்த வேகத்தில் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். அவ்வளவுதான். மேஜையில் எப்போதும் 60 கோப்பு இருக்கிறது, நாளைக்கு 12 வருகிறது, 12 போகிறது என்றால் ஒரு கோப்பு அங்கே சராசரியாக 5 நாள் இருக்கிறது. கடிகாரமே வேண்டாம், எண்ணினால் போதும். “நாங்க உடனுக்குடனே முடிச்சிருவோம் சார்” என்று ஒருவர் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, மேஜையைப் பார்ப்பேன்.

இரண்டாவது கணக்கு கொஞ்சம் கசப்பானது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டேனிஷ் கணிதக்காரர், எத்தனை லைன் இருந்தால் போன் பேச வருகிறவர்கள் எவ்வளவு காக்க வேண்டியிருக்கும் என்று ஆராய்ந்தார். 1909-இல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. வரிசைக் கோட்பாடு என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதில் உள்ள எளிய மாதிரியை ஒரு கவுன்ட்டருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள், ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. கவுன்ட்டரில் இருப்பவர் தன் நேரத்தில் பாதி வேலையாக இருந்தால், வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்க வேண்டும். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 20 நிமிடம். 90 சதவீதம் என்றால் 45 நிமிடம். 95 சதவீதம் என்றால் 95 நிமிடம். வேலைச்சுமை 90-லிருந்து 95-க்குத்தான் போனது, நிற்கிற நேரமோ இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 100-ஐத் தொட்டால் வரிசைக்கு முடிவே கிடையாது.

நிர்வாகிக்கு இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வது கஷ்டம். கவுன்ட்டரில் ஒருவர் சும்மா உட்கார்ந்து மொபைல் பார்த்தால் அவருக்குக் கண் உறுத்தும், சம்பளம் வீணாகிறது என்று தோன்றும். வெளியே நாற்பது பேர் வெயிலில் நிற்பது உறுத்தாது. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர் இல்லையே. ஆளைக் குறைத்து எல்லோரையும் 95 சதவீதம் வேலை வாங்கினால் அதற்குத் திறமை என்று பெயர், விருதுகூடக் கொடுப்பார்கள். செலவு குறையவில்லை. கல்லாவுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்த்திசையிலும் போகலாம் என்பதற்கு இந்த ஊரிலேயே உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட்ஸ் கடையில் பர்கர் செய்கிற ஒழுங்கை வியந்து, கண் அறுவை சிகிச்சையில் அது ஏன் முடியாது என்று யோசித்த மனிதர். அங்கே கண்புரை அறுவையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவரைத் தயார்ப்படுத்தி வைத்துவிடுவார்கள். முதல் மேஜையில் வேலை முடிந்ததும் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். இங்கும் ஒருவரின் நேரம் விலை உயர்ந்தது, அது மருத்துவருடையது. கிராமத்திலிருந்து வந்த நோயாளி காத்திருக்கத்தான் செய்கிறார். ஆனால் யாரைக் காக்க வைக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, அந்தக் காத்திருப்புக்கும் ஒரு பெட்டி வரைந்திருக்கிறார்கள். நான் மெச்சுவது மேஜைகளைவிட இதைத்தான். 1992-இல் அவர்கள் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்ததையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். விலை இறங்கிக் கைக்கு எட்டும் என்று பார்வையில்லாமல் உட்கார்ந்திருப்பதும் காத்திருப்புதானே.

சராசரி என்ற எண் இந்த விஷயத்தில் செய்கிற குறும்பையும் சொல்லிவிட வேண்டும். பெரியார் நிலையத்தில் நின்றுகொண்டு, “நான் வந்தா மட்டும் பஸ் வராதே” என்று புலம்பாதவர் இந்த ஊரில் உண்டா? அதில் விதி ஒன்றும் இல்லை, கூட்டல் கழித்தல்தான். ஒரு தடத்தில் பஸ்கள் 5 நிமிட இடைவெளி, 15 நிமிட இடைவெளி என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிப்போ கணக்கில் சராசரி இடைவெளி 10 நிமிடம். அப்படியானால் பயணி சராசரியாக 5 நிமிடம் நின்றால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நான்கு பேர் நினைத்த நேரத்துக்கு வந்தால் மூன்று பேர் அந்த 15 நிமிட இடைவெளியில்தான் மாட்டுவார்கள், அதுதானே நீளமானது. அவர்கள் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார்கள், மிச்சம் ஒருவர் இரண்டரை. மொத்தத்தில் 6.25 நிமிடம். டிப்போவின் எண்ணும் பொய்யில்லை, பயணியின் எரிச்சலும் பொய்யில்லை. பஸ்ஸை எண்ணினால் ஒன்று வரும், ஆளை எண்ணினால் வேறொன்று வரும். நிர்வாகிகள் திரையில் பார்க்கிற எண் பலகைகள், அதாவது டாஷ்போர்டுகள், பெரும்பாலும் பஸ்ஸைத்தான் எண்ணுகின்றன.

இதைப் புரிந்துகொண்ட பிறகு மனிதர்களின் பயோடேட்டாவைக்கூட என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. அதுவும் ஒரு செயல்முறைப் படம்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, வேலை, எல்லாமே பெட்டி. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் அம்புக்குறிக்குள் வாழ்கிற ஒரு தலைமுறையைப் பார்க்கலாம். அறிவிப்பு வரும் என்று படிக்கிறார்கள், தேர்வு எழுதிவிட்டு முடிவுக்கு நிற்கிறார்கள், முடிவு வந்தால் கலந்தாய்வுக்கு. வீட்டுக்கு வரும் உறவினர் “இப்ப என்னப்பா பண்ற?” என்று கேட்கும்போது சொல்ல அவர்களிடம் பெட்டி எதுவும் இல்லை. அந்தக் கேள்வியில் இருக்கிற கொடுமை கேட்பவருக்கு உறைப்பதில்லை. அவரும் படத்தில் பெட்டியை மட்டும் பார்க்கப் பழகியவர். என் சொந்த வாழ்க்கையைக் கோடு போட்டுப் பார்த்தாலும் எனக்குப் பிடித்ததெல்லாம், சில நட்புகள், வாசிப்பு, ஒரு காதல், கோட்டில்தான் நடந்திருக்கிறது. அதற்காகக் காத்திருப்பு நல்லது என்று சொல்லிவிடமாட்டேன். தானாக விரும்பிக் காத்திருப்பதும் இன்னொருவர் காக்க வைப்பதும் ஒன்றாகாது.

யார் காத்திருப்பது என்பதை ஒளிக்காமல் பேசுகிற ஒரே இடம் எனக்குத் தெரிந்து பாசனம்தான். இந்தப் பக்கத்துப் பத்திரிகையில் தினமும் அணை நிலவரம் வரும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி, முல்லைப் பெரியாற்றில் தேக்க அனுமதி 142 அடி, இன்றைக்கு எவ்வளவு என்று. பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம். அது போக மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமுமாக ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒருபோகம். யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத் திறப்பார்கள். கடைமடைக்கு வரவில்லை என்றால் கடைமடைக்காரர் சாலையில் உட்காருவார். தலைமடை, கடைமடை என்று இடத்துக்கே பெயர் இருப்பதால் சண்டை போட வசதி. கண்மாய்களில் மடை திறக்கிற நீர்பாய்ச்சிக்குக் கூலி நெல்லாக, அதுவும் அறுவடை முடிந்து களத்தில் என்ற வழக்கம் இருந்த ஊர்கள் உண்டு. கடைசி வயலும் விளைந்தால்தான் அவருக்கு முழுக் கூலி. இதை யோசித்தவர் எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் போய்ப் படித்தவர் இல்லை. நியாயமாகவே எல்லாம் நடந்தது என்றும் நான் சொல்லவில்லை. சாதியும் நிலமும் இருக்கிற இடத்தில் மடை எப்போதும் நேராகத் திறக்காது. ஆனால் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது, கேள்வி கேட்க முடிந்தது.

காத்திருப்பைக் கையாளும் விஷயத்தில் என் பெரியம்மாவை மிஞ்ச ஆளில்லை. செல்லூரில் ரேஷன் கடை திறப்பதற்கு வெகு முன்பே அவரது மஞ்சள் பை வரிசையில் நிற்கும். பின்னால் ஒரு தூக்குவாளி, அதன் பின்னால் ஒரு செங்கல், அப்புறம் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. ஆட்கள் எல்லாம் வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “அதான் பை நிக்கிதுல்ல, நான் வேற எதுக்கு நிக்கணும்?” என்பார். பெட்ரி வட்டத்துக்குள் வைத்த புள்ளியை செல்லூர்க்காரர்கள் செங்கல்லாக வைத்திருக்கிறார்கள். வரிசையின் முறையும் கெடவில்லை, காலும் வலிக்கவில்லை. டோக்கன் மெஷின் வைத்த பல அலுவலகங்களில், எண்ணைக் கூப்பிட்டு ஆள் இல்லாவிட்டால் ரத்து என்று போட்டு, ஆளையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். மெஷின் எதற்கு?

இந்தக் கண்ணோட்டத்தோடு சமீபத்தில் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் டேட்டாவைப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம். நேரப் பதிவுகளில் பாதிக்கு மேல் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு விழுந்திருந்தன. எல்லோரும் சாயங்காலம்தான் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தமில்லை, பகலில் செய்ததைக் கிளம்பும் முன் மொத்தமாக ஏற்றுகிறார்கள். இது எங்கும் நடப்பதுதான், சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது வேறு. விண்ணப்ப எண் பிறந்த பிறகுதான் பதிவு தொடங்குகிறது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால்தான் எண் பிறக்கும். அதற்கு முன் அந்த மனிதர் எத்தனை தடவை வந்தார், ஜெராக்ஸ் இல்லை, கையெழுத்து ஒத்துவரவில்லை, நாளைக்கு வாங்க என்று எத்தனை தடவை திரும்பிப் போனார் என்பதற்கு எங்கும் வரியில்லை. மூன்றாம் தடவை வராமலே போனவர் அந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. படத்தின் முதல் வட்டத்துக்கு இந்தப் பக்கமும் ஓர் அம்புக்குறி இருக்கிறது, அதை யாரும் வரையவில்லை.

முதல் தடவை வருகிற நாளையும் பதிந்துகொள்ளுங்கள், ஒரு பத்திதான் கூடுதல் என்று யோசனை சொன்னேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அதிகாரி இதற்கு மட்டும் யோசித்தார்.

“சார், இதைச் சேர்த்தா நம்ம சராசரி ரெண்டு மடங்காத் தெரியும். மேலே யார் பதில் சொல்றது?”

“இப்பவும் அவ்வளவுதானே சார் ஆகுது?”

“ஆகுறது வேற சார், தெரியுறது வேற.”

அவரைக் குறை சொல்லமாட்டேன், அவரையும் ஒரு எண்ணை வைத்துத்தான் அளக்கிறார்கள். யோசனை அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிளையின் பொறுப்பாளர், வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகாத பெண், மீட்டிங் முடிந்து போனில் கூப்பிட்டார். “சிஸ்டத்துல வேண்டாம் சார், நான் நோட்டுல எழுதிப் பார்க்கட்டுமா?” என்றார். ஒரு லாங் சைஸ் நோட்டில் தேதி, என்ன காகிதம் குறை, திரும்பி வந்த தேதி என்று கோடு போட்டு எழுதிக்கொண்டு வருகிறார். ஆள் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அதனால் வரிசை எண் மட்டும். வாரக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்.

முதல் வாரத்துப் பக்கத்திலேயே திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்துக்காகப் போயிருந்தது தெரிந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பேங்க் பாஸ்புக்கில் பின்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுக்கிற உறுதிமொழிப் படிவம் ஒன்று நிறுவனத்திடமே இருக்கிறதாம், தலைமை அலுவலகத்து அலமாரியில். அதில் ஐம்பது பிரதி கேட்டு அனுப்பியிருக்கிறார்.